ஐந்து மாதத்தில் என்-1 தேற முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் மேல்நிலைகளான என்-2, அதற்கும் மேலே உச்ச நிலையான என்-1 ஆகியவற்றைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் அளிக்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு சீக்கிரம்?

கேள்வி: கடந்த டிசம்பரில் என்-2 தேர்வில் 104 மதிப்பெண் பெற்றுத் தேறினேன். மொழியறிவில் 41, வாசிப்பில் 25, கேட்டலில் 38. வரும் டிசம்பரில் என்-1 எழுத விரும்புகிறேன். இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. அலுவலக வேலை போக நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். மூன்றே மாதத்தில் தேறியதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு ஐந்து மாதம் போதாதா? – மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்

பதில்: வரும் டிசம்பர் உங்களுக்குக் கடினம், அடுத்த ஜூலையில் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறுகிறது என்றாலும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் ஊர்களும் உண்டு என்பதால், உங்கள் மையத்தின் நிலவரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். 2009 வரை இத்தேர்வு நான்கு நிலைகளாக இருந்தபோது, ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று அமைப்பாளர்களே ஒரு வழிகாட்டு அளவைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நிலைக்குச் சுமார் 600 மணி நேரப் படிப்பு, 1000 கான்ஜி எழுத்துகள் (ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகள்), 6000 சொற்கள். முதல் நிலைக்கு 900 மணி நேரம், 2000 கான்ஜி, 10,000 சொற்கள். 2010இல் தேர்வு ஐந்து நிலைகளாக மாற்றப்பட்ட பிறகு இத்தகைய சொற்பட்டியல்கள் வெளியிடப்படுவதில்லை. ஆனால் இன்றைய என்-1 பழைய முதல் நிலைக்கு ஏறக்குறைய இணையானது, சற்றே உயர்ந்த திறனையும் அளப்பது என்பதே அவர்களுடைய விளக்கம். ஆகவே பழைய அளவை இன்றும் தோராயமாகப் பயன்படுத்தலாம். இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் 300 மணி நேரம். உங்களிடம் இருப்பது 150 நாட்கள், நாளுக்கு இரண்டு மணி நேரம்; அதுவும் 300தான். தாளில் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. 'ஐந்து மாதத்தில் என்-1' என்று வாக்குறுதி தரும் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்கை வைத்தே போடப்படுகின்றன.

அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்பதைச் சொற்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். இடைவெளி 4000 சொற்கள். அதை 150 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 27 புதிய சொற்கள் வருகின்றன. புதிய சொல்லை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிட முடியாது; மறுநாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் அது திரும்ப வரவேண்டும். இடைவெளி விட்டு நினைவூட்டும் 'ஆன்கி' போன்ற செயலியைப் பயன்படுத்துவோருக்கு இது நன்றாகத் தெரியும்: நாளுக்கு 27 சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனால், இரண்டாம் மாதத்தில் பழைய சொற்களைத் திரும்பப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கலாம். மிச்சமிருக்கும் நேரத்தில் இலக்கணம், வாசிப்பு, கேட்டல் மூன்றையும் அடக்க வேண்டியிருக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் ஜப்பானிய மொழியைத் தொழில்முறையில் பேசவும் படிக்கவும் 2200 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிடுகிறது. அவர்களுடைய இலக்கு வேறு, கற்பவர்களும் வேறு என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 900 என்பது மிகக் குறைந்தபட்ச அளவு என்று புரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

மூன்று மாதத்தில் தேறியவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களில் சிலர் சீன எழுத்துகளை ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்கள். சிலர் ஜப்பானிலேயே வேலை பார்த்து, நாள் முழுவதும் ஜப்பானிய மொழியில் மின்னஞ்சல் எழுதுபவர்கள். இன்னும் சிலர் என்-2 தேறி இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் படித்து வந்தவர்கள். தேர்வுக்கென்று உட்கார்ந்த மூன்று மாதத்தை மட்டும் அவர்கள் எண்ணுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளை எண்ணுவதில்லை.

இனி உங்கள் மதிப்பெண். நான் முதலில் பார்ப்பது 104ஐ அல்ல, வாசிப்பில் உள்ள 25ஐ. ஒவ்வொரு பகுதிக்கும் 60 மதிப்பெண். அதில் 19க்குக் கீழே போனால் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி இல்லை. என்-2 வாசிப்பிலேயே விளிம்புக்கு ஆறு மதிப்பெண் தள்ளி நிற்கும் ஒருவருக்கு என்-1 வாசிப்பு மிகவும் கனமாக இருக்கும். கேட்டலில் 38 இருப்பதால், உங்களுக்கு மொழி தெரியாமல் இல்லை, படிக்கும் பழக்கம்தான் குறைவு என்று ஊகிக்கிறேன்.

என்-1 வாசிப்பில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் சொல் தெரியாமல் தடுமாறுவதில்லை. கட்டுரையாசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது பிடிபடாமல்தான் தடுமாறுகிறார்கள். ஒரு பத்தி 'தஷிகானி' என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'உண்மைதான்' என்று பொருள். கைப்பேசி வந்த பிறகு தகவல் பரிமாற்றம் எளிதாகிவிட்டது என்று மூன்று வரிகள் ஒப்புக்கொண்டே போகும். பிறகு 'ஷிகாஷி' என்று ஓர் 'ஆனால்' வரும். கட்டுரையாசிரியரின் சொந்தக் கருத்து அதற்குப் பின்னால்தான் தொடங்கும். அதுவும் நேராக வராது. 'தெவ நை தரோ கா' என்ற முடிவோடு, கேள்வி போன்ற தோற்றத்தில் வரும். அது கேள்வியே அல்ல, நாம் 'அல்லவா' என்று முடிப்பது போன்ற அழுத்தமான கூற்று. தேர்வில் தரப்படும் நான்கு விடைகளில் ஒன்று, முதல் மூன்று வரிகளில் வந்த சொற்களையே எடுத்துக் கோத்ததாக இருக்கும். கண் அதில்தான் போய் நிற்கும், அது தவறான விடை. சரியான விடையோ கட்டுரையில் வராத வேறு சொற்களால் எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முறை இது. இந்த வார இறுதியிலேயே அதிகாரபூர்வ மாதிரி வினாத்தொகுப்புகளில் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். 2012இலும் 2018இலும் வெளியான இரண்டு தொகுப்புகளும் தேர்வின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மற்றொன்றைக் கடைசி மாதத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள். சொற்களை நாளுக்கு 12 முதல் 15 வரை நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்தில் பெரும்பகுதியை வாசிப்புக்குக் கொடுங்கள். ஒரு பத்தியை அகராதி இல்லாமல் நேரம் குறித்து ஒருமுறை, பிறகு அகராதியோடு ஒருமுறை, கடைசியாக 'ஆசிரியர் என்ன சொல்கிறார்' என்பதைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதி ஒருமுறை என்று படியுங்கள். அந்த ஒரு வாக்கியம் எழுத வராத நாளில் அடுத்த பத்திக்குப் போகவேண்டாம். இந்த வேகத்தில் 4000 சொற்களை முடிக்க ஒன்பது முதல் பதினொரு மாதம் ஆகும். அடுத்த ஜூலையைச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

டிசம்பர் தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாமா என்றால், கட்டணம் பாரமில்லை எனில் விண்ணப்பியுங்கள். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: பதிவுக்கான கடைசி நாள் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும். தோற்றால் எந்தப் பதிவேட்டிலும் கறை படியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் டிசம்பர் முடிவை நம்பி அலுவலகத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் என்-1இல் 112 மதிப்பெண் பெற்றேன். தேர்ச்சிக்கு 100 போதும் என்கிறார்கள். எனக்கு 'தேர்ச்சி இல்லை' என்று வந்திருக்கிறது. மறுமதிப்பீடு கேட்கலாமா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மதிப்பெண் பட்டியலில் மூன்று பகுதிகளையும் தனித்தனியே பாருங்கள், ஏதோ ஒன்று 18 அல்லது அதற்குக் கீழே இருக்கும். மேலே சொன்ன 19 என்ற விதி இங்கேதான் வந்து மோதுகிறது. மொத்தம் 180க்கு என்-1இல் 100, என்-2இல் 90 எடுத்தால் தேர்ச்சி என்பது பாதி விதி மட்டுமே.

விடைகளைச் சரிபார்த்து, 'இத்தனை சரி, எனவே இத்தனை மதிப்பெண்' என்று கூட்டிப் பார்ப்பதிலும் பயனில்லை. இத்தேர்வில் வினாக்களுக்கு நிலையான மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு முறையும் வினாத்தாளின் கடினம் மாறுவதை ஈடுசெய்யும் புள்ளியியல் முறையில் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. ஒரே எண்ணிக்கையில் சரியான விடை எழுதிய இருவருக்கு வெவ்வேறு மதிப்பெண் வருவதும் உண்டு. அடுத்த முறைக்கான படிப்பை அந்தக் குறைந்த பகுதியிலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டும் உங்களுக்குக் கைகொடுக்கின்றன.

கேள்வி: இலக்கண நூலை முடித்துவிட்டேன். படிக்கும்போது புரிகிறது, தேர்வில் ஒத்த பொருளுடைய வடிவங்கள் இரண்டு வந்தால் குழம்பிவிடுகிறேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜப்பானிய இலக்கணம் எளிது என்கிறார்களே? – கல்லூரி மாணவர்

பதில்: எளிது என்பது பாதி உண்மை. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று அடைமொழித் தொடர் பெயருக்கு முன்னால் நிற்பது எல்லாம் இரண்டு மொழிகளிலும் ஒன்றே. 'செய்து பார்' என்பதற்கு 'ஷிதெ மிரு', 'செய்துவிடு' என்பதற்கு 'ஷிதெ ஷிமாவு', 'செய்து வை' என்பதற்கு 'ஷிதெ ஓகு' என்று துணைவினைகள்கூட இணையாகப் போகின்றன. (ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார்; மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைப்பு ஒத்திருப்பது நமக்கு லாபம்தான்.) நான்கு துண்டுகளை வரிசைப்படுத்தி, நட்சத்திரக் குறி இட்ட இடத்தில் எது வரும் என்று கேட்கும் வினாவில் இந்த லாபம் நேரடியாகக் கிடைக்கும். அங்கே ஆங்கிலத்தின் வழியாகப் போகாமல், தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துத் துண்டுகளை அடுக்குங்கள், வேகம் கூடும்.

மறுபாதி, நீங்கள் சொல்லும் குழப்பம். தமிழில் ஒரே தொடரால் சொல்லிவிடும் இரண்டு நிலைகளை ஜப்பானிய மொழி பிரித்து வைத்திருக்கும் இடங்களில்தான் அது வருகிறது. 'ஸாரு ஓ எனை', 'ஸு நி வ இராரெனை' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். நூலில் இரண்டுக்குமே 'செய்யாமல் இருக்க முடியாது' என்று போட்டிருப்பார்கள். புயல் காரணமாகப் பயணத்தைக் கைவிட்டே ஆகவேண்டிய நிலைக்கு முதல் வடிவம். அங்கே சூழ்நிலை நெருக்குகிறது, உங்கள் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. ஒருவர் சொன்ன வேடிக்கையைக் கேட்டு அடக்க முடியாமல் சிரித்துவிடும் நிலைக்கு இரண்டாவது. அங்கே நெருக்குவது உள்ளேயிருந்து எழும் உணர்ச்சி. வாக்கியத்தில் காரணம் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஆகவே வடிவத்தையும் பொருளையும் இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் முன்னால் எத்தகைய சொல் வரும், யார் எழுவாயாக நிற்பார், பேச்சில் வருமா, அறிவிப்பிலும் தலையங்கத்திலும் மட்டும் வருமா என்ற மூன்றையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். என்-1 இலக்கண நூல்களில் காணும் வடிவங்களில் கணிசமானவை எழுத்து நடைக்கு மட்டும் உரியவை. அவற்றைப் பேச்சில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. நூலை ஒருமுறை முடிக்க இரண்டு மாதம் போதும். என்-1 தயாரிப்பில் உண்மையிலேயே விரைவாக முடியக்கூடிய பகுதி இலக்கணம் மட்டுமே.

கேள்வி: என்-2 எழுதாமல் நேராக என்-1 எழுதலாமா? காலம் மிச்சமாகுமே.

பதில்: எழுதலாம், தடை எதுவும் இல்லை. ஆனால் என்-2 அளவுக்கான படிப்பை எப்படியும் படித்துத்தான் ஆகவேண்டும். மிச்சமாவது தேர்வு நாள் ஒன்று மட்டும். என்-2 சான்றிதழுக்குத் தனி மதிப்பும் உண்டு. உயர்திறன் பணியாளர்களுக்கான ஜப்பானின் குடிவரவுப் புள்ளி முறையில் என்-1க்கு 15 புள்ளிகள் என்றால் என்-2க்கு 10 கிடைக்கிறது. வேலை தேடுகிறவர் ஓர் ஆண்டைக் கையில் சான்றிதழ் இல்லாமல் கழிப்பதைவிட, இடையில் என்-2 எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: தினமும் ஜப்பானியத் தொடர்கள் பார்க்கிறேன். ஆனாலும் கேட்டல் பகுதியில் 25ஐத் தாண்டுவதில்லை. என்ன குறை? – ஓர் ஆசிரியை

பதில்: தொடரில் முகமும் காட்சியும் கூடவே பொருளைச் சொல்லிக்கொண்டு போகும், துணைத்தலைப்பும் ஓடினால் காதுக்கு வேலையே இல்லை. தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். என்-1இல் அது சுமார் 55 நிமிடம் இடைவிடாமல் போகும். பல வினாக்களுக்கு விடைகள்கூட அச்சில் இருக்காது; அவற்றையும் காதால்தான் கேட்கவேண்டும்.

முதல் வகை வினாவையே பாருங்கள். மேலதிகாரி ஒருவர் ஊழியரிடம், கூட்டத்துக்கான ஆவணங்களை அச்சிடச் சொல்கிறார். அறையைப் பதிவு செய்யச் சொல்கிறார். பிறகு, அறையை நானே பதிவு செய்துவிட்டேன் என்கிறார். ஊழியர் அச்சிடப் போகும்போது, 'அதற்கு முன்னால்' என்று நிறுத்தி, எண்களில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதை விற்பனைப் பிரிவிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறார். வினா, ஊழியர் முதலில் செய்யவேண்டியது என்ன? எல்லாச் சொற்களும் புரிந்தவர்கூட 'அச்சிடுதல்' என்று குறித்துவிட்டு வருவார். 'சோனோ மயெ நி' என்ற அந்த 'அதற்கு முன்னால்' வந்ததும் முதலில் கேட்ட வரிசை முழுவதும் மாறிவிடுகிறது. ஆகையால் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் குறித்துக்கொண்டு, ரத்தானதை அடித்து, முந்திக்கொண்டதற்கு ஒன்று என்று எண் போடும் பழக்கம் வேண்டும்.

மற்றொரு வகை, ஒரு வாக்கியத்தைச் சொல்லி அதற்குப் பொருத்தமான மறுமொழியைச் சில நொடிகளில் தேர்ந்தெடுக்கச் சொல்வது. அங்கே ஒரு வினாவை யோசித்துக்கொண்டே அடுத்ததைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். தெரியாவிட்டால் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. தொடர் பார்ப்பதை விட வேண்டாம். ஆனால் அதில் அரை மணி நேரத்தை எடுத்து, வானொலிச் செய்தியையோ பேட்டியையோ படம் இல்லாமல் கேட்டு, முடிந்ததும் மூன்று வரியில் சாரத்தை எழுதிப் பாருங்கள்.

கேள்வி: 2000 கான்ஜிகளையும் கையால் எழுதிப் பழக வேண்டுமா?

பதில்: தேர்வுக்கு வேண்டாம். எல்லாமே வட்டத்தை நிரப்பும் வினாக்கள்தான். எழுதவும் பேசவும் சொல்வதில்லை. ஒன்றோடொன்று குழம்பும் எழுத்துகளை மட்டும் நான்கைந்து முறை எழுதிப் பாருங்கள், வேறுபாடு கண்ணில் பதியும். தனி எழுத்தாகப் படிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ஒரே எழுத்துக்கு ஒலிப்புகள் பல. 'உயிர், பிறப்பு' என்று பொருள்படும் எழுத்து சொல்லுக்குச் சொல் 'செய்', 'ஷோ', 'நமா', 'கி' என்று ஒலிப்பை மாற்றிக்கொண்டே போகும். சொல்லாகப் படித்தால் ஒலிப்பும் பொருளும் சேர்ந்தே வந்துவிடும்.

கேள்வி: என்-1 தேறிவிட்டேன், 107 மதிப்பெண். ஆனால் நேர்காணலில் சரளமாகப் பேச வரவில்லை. மேல்நிலைத் தேர்வு தேறியும் இப்படியா என்று கேட்கிறார்கள். அடுத்து எந்தத் தேர்வுக்குப் படிக்கலாம்?

பதில்: உங்களைக் கேள்வி கேட்பவர்கள், இத்தேர்வு எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்கிறார்கள். பேச்சைச் சோதிக்காத தேர்வில் தேறியவர் பேசுவார் என்று எதிர்பார்க்க அடிப்படை இல்லை. மேலும், 2025 டிசம்பர் தேர்விலிருந்து மதிப்பெண் பட்டியலில் ஐரோப்பிய மொழித் திறன் அளவுகோலின்படியான நிலையும் குறிக்கப்படுகிறது. அதன்படி என்-1இல் 100 முதல் 141 வரை எடுத்தவர் பி2, 142 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்தான் அதற்கு அடுத்த உயர்நிலையான சி1. உங்கள் 107 மதிப்பெண் நல்ல இடைநிலையின் மேல்படி. அதுவும் படிப்பதிலும் கேட்பதிலும் மட்டும்.

இப்போது வேறு தேர்வு எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். அடுத்த நான்கு மாதத்துக்கு வாரம் மூன்று முறை, ஜப்பானியர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். உங்கள் வேலையை விளக்குவது, ஒரு திட்டம் ஏன் தாமதமானது என்று சொல்வது, மறுப்பை மரியாதையாகத் தெரிவிப்பது என்று நேர்காணலில் வரக்கூடிய பொருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சைப் பதிவுசெய்து, எங்கே நின்றீர்கள் என்று கேட்டு, அந்த இடத்துக்குத் தேவையான தொடரை எழுதி, அடுத்த முறை அதைப் பயன்படுத்துங்கள். என்-1க்காகப் படித்த சொற்கள் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால், புதிதாகத் தொடங்குபவரைவிட உங்களுக்கு இது விரைவில் கைவரும். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதால் அதைப் பற்றி அவசரப்படவும் தேவையில்லை. சில நிறுவனங்கள் மட்டும் அண்மையில் எழுதிய மதிப்பெண்ணைக் கேட்கும், அதை விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.